ஐம்பதில் ஒரு பங்கு

ஓய்வு பெற்றவனுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. காலையில் நடக்கச் சொல்வார் ஒருவர். மூச்சுப் பயிற்சி என்பார் இன்னொருவர். சுடோகு போடுங்கள், கோயிலுக்குப் போங்கள், பேரன் பேத்தியோடு இருங்கள் என்று பட்டியல் நீளும். எல்லாம் நல்லவைதான், நானும் தினமும் நடக்கிறேன். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றைச் சேர்க்கலாம் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஒரு மேஜை முன் உட்கார்ந்து, கையால், அளவு பிசகாமல், ஏதாவது ஒரு சின்னப் பொருளைச் செய்து பாருங்கள். அந்தப் பொருள் நம் தலைமுறை மட்டுமே கண்ணால் பார்த்த ஒன்றாக இருந்தால் மிகவும் நல்லது.

நான் முப்பத்தாறு வருடம் வங்கியில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்தவன். கையால் செய்த வேலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, அறுபத்திரண்டு வயதில், சிறுவயதில் விட்டுப்போன ஒரு பொழுதுபோக்கை மீண்டும் எடுத்தேன். விமானம், ரயில், கப்பல் போன்றவற்றைச் சரியான விகிதத்தில் சின்னதாகச் செய்வது. ஆங்கிலத்தில் 'ஸ்கேல் மாடல்' என்பார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "சார் பொம்மை செய்யறார்".

பொம்மைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பொம்மை ரயிலுக்குச் சக்கரம் பெரிதாக இருக்கலாம், ஜன்னல் மூன்றே இருக்கலாம், குழந்தைக்குக் கவலை இல்லை. மாதிரியில் அந்தச் சலுகை கிடையாது. உண்மையான பொருளின் எல்லா அளவையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். நீளத்தை எழுபத்திரண்டால் வகுத்தால் அகலத்தையும் எழுபத்திரண்டால்தான் வகுக்க வேண்டும். கதவுக் கைப்பிடியையும் அப்படித்தான். விமான மாதிரிகளுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் விகிதம் இந்த 1/72. ஏன் எழுபத்திரண்டு என்றால், ஆறு அடிக்கு எழுபத்திரண்டு அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். அடி, அங்குலத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். இரண்டாம் உலகப் போரில் மேலே பறப்பது நம் விமானமா எதிரி விமானமா என்று அடையாளம் காணப் பழக்குவதற்கும் இதே விகிதத்தில் மாதிரிகள் செய்தார்கள்.

எனக்கு இது அறிமுகமானது 1966ல், பதினோரு வயதில். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ப்ளாஸ்டிக் பை கொண்டுவந்தார். மேலே மடித்த அட்டை, அதில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வண்ணப்படம். உள்ளே ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவது போல விமானத்தின் துண்டுகள். ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கம்பெனி 1939ல் காற்றடைத்த ரப்பர் பொம்மை விற்கத் தொடங்கி, பிறகு சீப்பு செய்து, அதன் பிறகுதான் விமானத்துக்கு வந்தது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்தத் துண்டுகளை ஒட்டினால் கையகலத்துக்கு ஒரு போர் விமானம் கிடைக்கும் என்பதுதான். முந்தைய வருடம்தான் பாகிஸ்தானோடு சண்டை முடிந்திருந்தது. விமானம் என்றாலே எங்கள் வயசுப் பையன்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒரே சாயங்காலத்தில் ஒட்டி முடித்துவிட்டேன். வர்ணம் கிடையாது, வர்ணம் அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை ஓடினால் போதும், அது பறந்த மாதிரிதான். அடுத்த பை வேண்டும் என்றால் சித்தப்பா அடுத்த தடவை வர வேண்டும். வெளிநாட்டுச் சாமான் இங்கே கடையில் கிடைக்கிற காலம் அல்ல அது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, கல்லூரி வந்தது, வேலை வந்தது. எங்கள் காலத்தில் ஒரு பையன் விளையாட்டை விடுவதற்கு யாரும் கண்டிக்க வேண்டியதில்லை. வீட்டு நிலைமை தானாகவே விடவைக்கும்.

சரி, அறுபதுக்கு மேல் அதே வேலையைச் செய்தால் அதே சந்தோஷம் வருமா? வராது. வருவது வேறு ஒன்று. என் மகன் வாங்கிக் கொடுத்த அதே ஸ்பிட்ஃபயரை இரண்டாவது முறை செய்ய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. கண்ணாடி மேல் ஒரு பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. விரல்கள் பழைய வேகத்தில் வளையவில்லை. ஆனால் பதினோரு வயதில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது: அவசரம் இல்லாத மனசு. அந்த இறக்கை ஏன் முட்டை வடிவில் வளைந்திருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றியது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், உள்ளே சக்கரமும் துப்பாக்கிகளும் அடங்கவும் வேண்டும் என்ற தேவைக்கு அந்த வடிவம் பதில். வடிவமைத்த மிட்செல், விமானம் முதலில் பறந்த மறு வருடமே, 1937ல், நாற்பத்திரண்டு வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். போரில் அது செய்த வேலையை அவர் பார்க்கவே இல்லை. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு உப்புத்தாளால் ஓர் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. பையனுக்கு விமானம் பறக்க வேண்டும். கிழவனுக்கு அது எப்படிப் பறந்தது என்று தெரிய வேண்டும். இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்கு.

"வயசான காலத்தில் சின்னப் பிள்ளை வேலையா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீட்டில், மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பார்க் கட்டுகிறார்களே, அது யார் வேலை? பாதிக்குப் பாதி பெரியவர்கள்தான் முழங்காலில் உட்கார்ந்து செய்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பால் பிள்ளைக்குச் சொல்லும் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டுவது. சின்னத் தேர் உருட்டுகிற பிள்ளையைப் பாடியவர்கள் தாடி நரைத்த புலவர்கள். அந்தத் தேரைச் செய்து கொடுத்தவரும் ஒரு பெரிய தச்சராகத்தான் இருந்திருப்பார்.

விகிதம் என்பதும் நமக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் விக்கிரகம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலைக் கீற்றை வெட்டி, அதை மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். சிலை அரை அடியானாலும் ஆறு அடியானாலும் கணக்கு அதேதான், ஓலைதான் மாறும். உத்தம தச தாலம் என்று சொல்லும் முறையில் மொத்த உயரம் 124 பங்கு. ஒரே எண்ணால் எல்லாவற்றையும் பிரிப்பதுதான் அங்கேயும் சூத்திரம். நாம் அந்தக் கலைஞர்களின் கால்தூசிக்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.

இனி என் கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பலர் பெட்டியில் வருகிற கிட்டுகளை மட்டும் வாங்குகிறார்கள். செய்வதைவிட வாங்குவது வேகமாக நடக்கிறது. அலமாரி நிறைய திறக்காத பெட்டிகள். அவரவர் பணம், அவரவர் ஆசை. ஆனால் நம் வயதில் திறக்காத பெட்டிகளைச் சேர்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. செலவைப் பற்றி வீட்டில் கேள்வி வந்தால் பதில் சொல்லவும் முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம்முடைய பொருள் எதுவும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வராது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் விமானப்படையின் நாட் விமானத்தை நம் தலைமுறை மறக்காது. பிரிட்டனில் வடிவமைத்தது, பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் நாம் கட்டியது. 1965ல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் பெயர் வாங்கியது. 1971 டிசம்பரில் ஸ்ரீநகர் வானத்தில் அதை ஓட்டி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகானுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். விமானப்படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். ஏர்ஃபிக்ஸ் நாட் கிட் போட்டது உண்மை. ஆனால் அது பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். நாம் சண்டைக்கு அனுப்பியது ஒற்றை இருக்கை விமானம். மூக்கு வேறு, கண்ணாடிக் கூண்டு வேறு. அவர்கள் மேல் குறை இல்லை. அவரவர் ஊர் ஞாபகத்தை அவரவர் செய்கிறார்கள். நம் ஞாபகத்தை நாம்தான் செய்ய வேண்டும். நாட் விமானமாவது பரவாயில்லை, உலகத்தில் யாராவது ஒருவர் செய்துவிடுவார். தஞ்சாவூர் பாசஞ்சரின் மூன்றாம் வகுப்புப் பெட்டியை யார் செய்யப் போகிறார்கள்?

அதைத்தான் நான் செய்யத் தொடங்கினேன். மீட்டர் கேஜ் பெட்டி.

திருச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மீட்டர் கேஜ் என்றால் விளக்கம் வேண்டாம். ராக்ஃபோர்ட், சோழன், பாண்டியன், 1977ல் விட்ட வைகை எல்லாம் அதில்தான் ஓடின. தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர், 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜுக்கு 1676. நாடு முழுக்க ஒரே அகலத் தடம் என்ற திட்டம் 1992ல் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு தடமாக மாற்றினார்கள். மாற்றியது தேவையான காரியம். நாகப்பட்டினத்துச் சரக்கை இறக்கி ஏற்றாமல் டெல்லி வரை கொண்டுபோக வேறு வழி இல்லை. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் ஓடுவது நீலகிரி மலை ரயில் ஒன்றுதான். நம் பேரப்பிள்ளைகள் அதில் உல்லாசப் பயணம் போவார்கள். நாமோ மீட்டர் கேஜில் கல்லூரிக்குப் போனோம், பெண் பார்க்கப் போனோம், சாவுக்குப் போனோம்.

வெளிநாட்டில் ரயில் மாதிரிக்குப் பெரிதும் புழங்குவது 1/87. அதற்கு 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் விற்கிறார்கள். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் தடத்தை எண்பத்தேழால் வகுத்தால் அந்த அளவு வரும். நம் பிராட் கேஜை வகுத்தால் 19.3 வரும், அதாவது கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் ரயிலை நிறுத்தினால் இடுப்பு பெருத்தவர் ஒட்டி நிற்கிற மாதிரி இருக்கும். மீட்டர் கேஜுக்கோ 11.5. நான் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1/50 எடுத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் என்பது இரண்டு சென்டிமீட்டர். தண்டவாள அகலம் இரண்டு சென்டிமீட்டர். ஒன்பது அடி அகலப் பெட்டி ஐந்தரை சென்டிமீட்டர். எங்கள் பெட்டியின் நீளம் 39 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும். கணக்குப் போட மூளைக்குச் சிரமமில்லை.

சாமானுக்கும் எங்கும் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை என்று வீடு நிறைய வந்து சேர்கிறதே, அந்த கனமான அட்டையைவிடப் பெட்டிச் சுவருக்கு நல்ல பொருள் கிடையாது. சட்டைப் பெட்டியின் மேல்மூடி ஜன்னல் கண்ணாடி ஆனது. ஜன்னல் கம்பிக்கு மெல்லிய பித்தளைக் கம்பி. பெரிய கடைவீதியில் கொஞ்சமாக வாங்கினேன். உட்காரும் பலகைகளுக்கு ஐஸ்கிரீம் குச்சியைக் கீறிக்கொண்டேன். பசை, பிளேடு, வர்ணம், சாமணம் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற செலவுதான்.

அளவுதான் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான பயன் தெரிந்தது. பத்தாயிரம் தடவை ஏறி இறங்கிய பெட்டி. ஒரு ஜன்னலுக்கு எத்தனை கம்பி? படி இரண்டா, மூன்றா? கூரை மேல் காற்றுப்போக்கி எத்தனை, எந்த இடைவெளியில்? ஓய்வு பெற்றவர்கள் நாற்பது பேரைக் கேட்டுப் பாருங்கள். கரிப்புகை கண்ணில் விழுந்ததை ஒருவர் சொல்வார், மாயவரம் ஸ்டேஷன் காப்பியை ஒருவர் சொல்வார். கம்பி எத்தனை என்று ஒருவரும் சொல்ல மாட்டார். நாம் ஞாபகம் வைத்திருப்பது அந்த ரயிலில் இருந்த நம்மைத்தான், ரயிலை அல்ல. ரயிலைச் செய்யப் போகும்போதுதான் ரயிலைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

எனக்குத் துணையாகக் கிடைத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பெட்டி பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டர். நடைப்பயிற்சியில் பழக்கம். அந்தப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் பொன்மலைக்கு வந்தது. அவருடைய தாத்தாவும் அதோடு வந்தவர். இரண்டு வருடம் முன்பு மனைவி தவறிய பிறகு அவர் நடக்க வருவதோடு சரி, பேச்சு நின்றுவிட்டது. பிள்ளைகள் வெளியூர். ஒருநாள் அவரிடம் என் அட்டைப் பெட்டியைக் காட்டி, இரண்டு பெட்டியையும் இணைக்கிற பஃபர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"சார், பிராட் கேஜுக்குத்தான் ரெண்டு பக்கமும் பஃபர். மீட்டர் கேஜுக்கு நடுவுல ஒண்ணுதான். அதுவே இடிக்கிறதும், அதுவே இழுக்கிறதும்" என்றார். நான்கு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பாக்கெட்டில் இருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டும் காட்டினார்.

உயரங்கள் கிடைக்காமல் வேலை நின்றபோது, எங்கள் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ரயில் நிலையத்தில் எடுத்த பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்; உங்கள் முகம் எனக்கு வேண்டாம், பின்னால் நிற்கிற பெட்டிதான் வேண்டும் என்று. காலை வணக்கப் பூக்கள் மட்டும் வந்துகொண்டிருந்த குழுவில் பத்து போட்டோ வந்தது. கல்யாணம் முடிந்து ஊருக்குப் போகிற ஜோடி, பட்டாளத்துக்குக் கிளம்புகிற தம்பி, மாலையோடு ஒரு கட்சிக்காரர். எல்லோருக்கும் பின்னால் எங்கள் பெட்டி.

போட்டோவிலிருந்து அளவு எடுக்க ஒரு வழி உண்டு. பெட்டியை ஒட்டி நிற்கிற ஒருவரின் உண்மையான உயரம் தெரிந்தால், அதை வைத்து ஜன்னல் உயரம், கதவு உயரம் எல்லாம் கணக்கிட்டுவிடலாம். பதினோரு படத்தில் பத்தில் ஆள் பெட்டியை விட்டுத் தள்ளி நின்றார். அதில் கணக்கு தப்பும். பதினோராவது படம் ஃபிட்டர் நண்பர் கொண்டுவந்தது. குழுவில் அவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு வீட்டில் தேடி, பாலிதீன் உறையில் போட்டு நேரில் எடுத்து வந்தார். 1981, கும்பகோணம் ஸ்டேஷன். அவருடைய மனைவி பெட்டிக் கதவில் கை வைத்துக்கொண்டு நடைமேடையில் நிற்கிறார். பெட்டியைத் தொட்டுக்கொண்டே நிற்பதால் அளவுக்கு அதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது.

"இவங்க உயரம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அஞ்சடி சார். செருப்போட அஞ்சடி ஒரு இஞ்ச்."

எங்கள் பெட்டியின் ஜன்னல், கதவு, கைப்பிடி எல்லா உயரமும் அந்த அம்மாவின் உயரத்திலிருந்து வந்தவைதான். ஐந்தடி ஓர் அங்குலத்தை ஐம்பதால் வகுத்தால் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டி முடிந்த பிறகு அவர் ஒரு வாரம் வரவில்லை. பிறகு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எதையோ கொண்டுவந்தார். வேப்பங்குச்சியில் செதுக்கி, நீலப் புடவை வர்ணம் அடித்து, மூன்று சென்டிமீட்டரில் ஒரு பெண். நடைமேடையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரே வைத்தார்.

இதனால் அவர் துக்கம் தீர்ந்துவிட்டது என்று கதை கட்ட மாட்டேன். தீரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வருகிறார், அடுத்த பெட்டிக்குச் சக்கரம் கடைகிறார், என் மனைவி போடுகிற காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்கிறார். அவ்வளவுதான். "என்னங்க, நீங்க ரெண்டு பேரும் பேசறதைவிட இப்ப சண்டை போடறதுதான் ஜாஸ்தி" என்கிறாள் அவள். எனக்கு அது போதும்.

மறதி நோய் வராது, ரத்த அழுத்தம் குறையும் என்றெல்லாம் இதை மருந்தாக விற்கவும் நான் தயாரில்லை. அதையெல்லாம் டாக்டர் சொல்லட்டும். நான் சொல்வது வேறு. ஓய்வுக்குப் பிறகு நம்மிடம் யாரும் சரியான விடை எதிர்பார்ப்பதில்லை. எதைச் சொன்னாலும் "ஆமாம்பா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பழைய கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னாலும் கேட்பார் இல்லை. ஸ்டீல் ஸ்கேல் மட்டும் தலையாட்டாது. அரை மில்லிமீட்டர் தப்பினால் கதவு மூடாது. சரியாக இருக்க வேண்டிய ஒரு வேலை இன்னும் நமக்கு உண்டு என்பது இந்த வயதில் சாதாரண விஷயம் இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் வெளிச்சம், ஜன்னல் ஓரமாக மேஜையைப் போடுங்கள், தோளுக்கு மேலிருந்து ஒரு விளக்கு. கை நடுங்கினால் இரண்டு மணிக்கட்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் அசையுங்கள். நடுக்கம் பாதி குறையும். ப்ளாஸ்டிக் பசைக்கும் தின்னருக்கும் நெடி உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பிளேடு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருங்கள். கத்தியை எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக இழுங்கள். சின்னத் துண்டு கீழே விழுந்தால் இந்த முழங்காலோடு தேட முடியாது. அதற்கு வேட்டிதான் வசதி. கால்களுக்கு நடுவே தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். தங்க நகை செய்கிற ஆசாரிகள் மடியில் துணி கட்டுவது இதற்காகத்தான்.

முதல் வேலையாகப் பெரிதாக எதையும் எடுக்காதீர்கள். உங்கள் அப்பா உட்கார்ந்த கடைக் கல்லாப் பெட்டி, ஊர்ப் பொதுக்கிணற்றின் ராட்டினக் கட்டை, அம்மா சமைத்த அடுப்பு, நீங்கள் வேலை பார்த்த ஆலையின் ஒரு வாசல். எது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் கழித்து அதைப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு இன்டர்நெட்டில் படம் கிடைக்காது. ஏனென்றால் அதைப் படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அதனால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை கல்யாணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ சொந்த ஊர் போகும்போது பையில் ஓர் அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு இன்னும் நின்றால், திண்ணையின் உயரம், தூணின் சுற்றளவு, நிலைக்கதவின் அகலம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வைத்துவிடுங்கள். செய்வதா வேண்டாமா என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். இடித்த பிறகு அளக்க முடியாது.